இரும்பு உலக்கையும் ஏழு நாட்களும்

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், கண்டோன்மெண்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றி வாழும் பகுதிகளுள் ஒன்று. முன்னர் நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய அவ்விடம், பின்னர் மர்பி என்ற பொறியாளரின் பெயரைப் பெற்றது. ஒரு வீட்டின் பேச்சு அடுத்த வீட்டிற்குக் கேட்கும் அளவுக்கு நெருக்கமான தெருக்கள் அங்கே உண்டு. அத்தகைய தெருவில் ஒரு சிறுவன் தகாத வார்த்தை ஒன்றைச் சொன்னால், அது முதலில் பக்கத்து வீட்டுப் பாட்டியின் காதில் விழும். "யாரடா அது? வாய் ரொம்ப நீளுதே!" என்று அவர் வாசற்படியிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். சிறுவன் தலையைக் குனிந்துகொள்வான். மாலைக்குள் செய்தி தாயின் காதுக்கும் எட்டிவிடும்.

இன்று அந்தச் சிறுவனின் கையில் கைப்பேசி இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் அவனுக்கு வசைச் சொற்களும் மூன்று மொழிகளில் தெரியும். அவற்றை அவன் வாயால் சொல்வதில்லை, விரலால் எழுதுகிறான். தன் வகுப்பு மாணவியைப் பற்றியோ, ஆசிரியையைப் பற்றியோ, முகமறியாத ஒருவரைப் பற்றியோ எழுதுகிறான். பாட்டியின் காதுக்கு அது எட்டுவதே இல்லை. பல நாட்கள் கழித்து யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தந்தைக்கு அனுப்புகிறார். 'என் பிள்ளையா இப்படி எழுதினான்!' என்று தந்தை திகைத்து நிற்கிறார்.

அந்தத் திகைப்பிற்கு அடுத்த கணத்தில் அவர் என்ன செய்யப் போகிறார்? மகனை அடித்து நொறுக்குவாரா? அல்லது, "வயசுக் கோளாறு, வெளியே தெரிய வேண்டாம்" என்று அழித்து மறைப்பாரா? பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. இவ்விரு வழிகளும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் இதிகாச புராணங்கள் மிகத் தெளிவாகக் காட்டியுள்ளன.

துவாரகையின் சிறுவர்கள்

மகாபாரதத்தின் மௌசல பர்வத்திலும், பாகவதத்தின் பதினோராவது ஸ்கந்தத்திலும் அந்த நிகழ்ச்சி வருகிறது. விசுவாமித்திரர், கண்வர், நாரதர் முதலிய முனிவர்கள் வந்திருந்தபோது, யாதவ குலத்து இளைஞர்கள் சிலருக்குக் கேலி செய்யும் ஆசை எழுந்தது. கண்ணனின் மகனான சாம்பனுக்குப் பெண் வேடமிட்டு, கர்ப்பிணியைப் போல் அலங்கரித்து, முனிவர்கள் முன் நிறுத்தினர். "இவளுக்கு என்ன குழந்தை பிறக்கும், சொல்லுங்கள்" என்று பணிவு காட்டிக் கேட்டனர். பெரியோரையும் தாய்மையையும் ஒரே மூச்சில் இழிவுபடுத்திய ஆபாசமான விளையாட்டு அது. இன்று கைப்பேசியில் நடப்பதற்கும் அதற்கும் வேடத்தில்தான் வேறுபாடு.

முனிவர்கள் சினந்தனர். 'குலத்தை அழிக்கும் இரும்பு உலக்கை பிறக்கும்' என்று சபித்தனர். அப்படியே உலக்கை பிறந்தது. நடுங்கிப்போன இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டு அரசவைக்கு ஓடினர். அரசன் அந்த உலக்கையைப் பொடியாக்கிக் கடலில் கரைக்கச் செய்தான். கண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே இதைச் செய்தான் என்று உரையாசிரியர்கள் சுட்டுவர். பொடி கரையொதுங்கிக் கோரைப் புல்லாக வளர்ந்தது. ஆண்டுகள் கழித்து யாதவர்கள் தமக்குள் வசை பேசிச் சண்டையிட்டபோது, அந்தப் புல்லே அவர்கள் கையில் ஆயுதமாயிற்று. குலம் முழுவதும் மடிந்தது.

இது பகவானின் சங்கல்பம் என்பது உண்மையே. ஆயினும் இல்லறத்தாருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பிழை செய்தவர்கள் இளைஞர்கள். பிழை பேரழிவாக வளர்வதற்குப் பெரியவர்களின் இரு செயல்கள் வழி செய்தன. ஒரு சாரார் சினத்தால் சபித்தனர். மற்றொரு சாரார் அச்சத்தால் மறைத்தனர். சாபம் வித்தாயிற்று, மறைப்பு அதற்கு நீராயிற்று.

சமீகர் காட்டிய வழி

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் நம் நூல்களில் உண்டு. வேட்டையில் களைத்துப்போன பரீட்சித்து மன்னன், தியானத்தில் இருந்த சமீக முனிவரிடம் பேச முயன்று, மறுமொழி பெறாமல் கோபமுற்று, செத்த பாம்பொன்றை அவர் தோளில் போட்டுவிட்டுச் சென்றான். முனிவரின் மகன் சிருங்கி இளம் பிராயத்தவன். அவனுடைய தோழன் ஒருவன், 'உன் தந்தை தோளில் செத்த பாம்பைச் சுமந்துகொண்டிருக்கிறார், நீ என்ன பெருமை பேசுகிறாய்' என்று குத்திக் காட்டினான் என்கிறது மகாபாரதம். தோழர்கள் நடுவே நேர்ந்த அவமானத்தைத் தாங்க இயலாத சிருங்கி, 'ஏழு நாட்களில் தக்ஷகன் தீண்டி மன்னன் மாளட்டும்' என்று சபித்தான். இளம் வயதினரின் நாக்கு பெரும்பாலும் இப்படித்தான் தீப்பற்றுகிறது. தோழனின் ஒரு நகைப்பு போதும்.

சமீகர் கண் விழித்தார். தம் தோளில் கிடந்த பாம்பைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. தமக்கு நேர்ந்த அவமதிப்பை அந்தக் கணத்திலேயே கழற்றி எறிந்துவிட்டார். அடுத்து மகனைக் கடிந்துகொண்டார். 'பிழைக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லை; நாட்டைக் காக்கும் மன்னனுக்குத் தீங்கு செய்துவிட்டாய்' என்று எடுத்துரைத்தார். மகன் வளர்ந்துவிட்டாலும் அவனுக்கு நல்லது சொல்வது தந்தையின் கடமை என்று அவர் கருதினார். 'என் மகன் எனக்காகத்தானே பேசினான்' என்று அவர் மகிழவில்லை. 'சிறுவன்தானே' என்று மூடி மறைக்கவும் இல்லை. தம் சீடரை அனுப்பி, நடந்ததை நடந்தபடியே மன்னனுக்குத் தெரிவித்தார். ஒரு தந்தைக்கு இது எவ்வளவு கடினமான செயல்!

சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலவில்லை. தக்ஷகன் வந்தான், மன்னன் மறைந்தான். எனினும் உண்மை முன்பே தெரிந்ததால் மன்னனுக்கு ஏழு நாட்கள் கிடைத்தன. அந்த ஏழு நாட்களில், கங்கைக் கரையில் சுகர் வாய்மொழியாகப் பாகவதம் பிறந்தது.

துவாரகையில் மறைக்கப்பட்ட உலக்கை ஒரு குலத்தை அழித்தது. சமீகரின் ஆசிரமத்தில் மறைக்கப்படாத சாபம் உலகிற்குப் பாகவதத்தைத் தந்தது. பிள்ளையின் தீச்சொல்லைக் கண்டறிந்த பெற்றோர் அனைவரும் இவ்விரண்டிற்கும் நடுவில்தான் நிற்கின்றனர்.

2016 செப்டம்பர் தந்த பாடம்

இவையெல்லாம் புராண காலத்துக் கதைகள் என்று எண்ணுவோர் பெங்களூரின் அண்மைக்கால வரலாற்றை நினைவுகூரலாம். 2016 செப்டம்பர் 5 அன்று காவிரி நீர் தொடர்பாக உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. இரு மாநிலங்களிலும் உணர்ச்சி கொந்தளித்த அந்த நாட்களில், பெங்களூரில் படித்த தமிழ்க் கல்லூரி மாணவர் ஒருவர், கன்னடத் திரைக் கலைஞர்களைக் கேலி செய்யும் பதிவொன்றை முகநூலில் இட்டார். வாரக் கடைசியில் ஒரு கூட்டம் அவரைத் தேடிப் பிடித்து அடித்தது. மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கச் செய்து, அதைக் காணொளியாகவும் பரப்பியது. அந்தக் காணொளி தமிழகத்தில் சினத்தை மூட்டியது. செப்டம்பர் 12 திங்கட்கிழமை சென்னையில் கர்நாடகத்தவர் நடத்தும் உணவு விடுதி ஒன்று தாக்கப்பட்டது. ராமேசுவரத்தில் கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள் தாக்கப்பட்டனர். அவையும் காணொளிகளாகப் பரவின. அன்று மாலைக்குள் பெங்களூரில் ஒரு பணிமனையில் 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

காவிரிப் பிரச்சினையின் வேர் மிக ஆழமானது. கேலிப் பதிவொன்றே எல்லாவற்றையும் எரித்தது என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் அந்த வாரத்தில் ஒவ்வொரு படியிலும் ஒரு கை குச்சியைக் கிழித்தது. அந்தக் கைகளுள் பல பெரியவர்களின் கைகள். யாரேனும் ஒருவர் சமீகரைப் போல் 'இது என்னோடு நிற்கட்டும்' என்று நின்றிருந்தால், சங்கிலியின் ஒரு கண்ணியாவது அறுந்திருக்கும்.

பதின்வயதினரையே நேரடியாகத் தொட்ட நிகழ்ச்சி ஒன்று 2020 மே மாதத்தில் தில்லியில் நடந்தது. பள்ளி மாணவர்கள் சிலர் இன்ஸ்டாகிராமில் குழு அமைத்து, உடன் படிக்கும் பெண்களின் படங்களை இட்டு, ஆபாசமாகப் பேசிக்கொண்டது வெளிவந்தது. தில்லிக் காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்தப் பெண்களின் வேதனை நியாயமானது, விசாரணையும் தேவையானது. ஆனால் பெரியவர்களின் சினம் அவ்வளவில் நிற்கவில்லை. பலருடைய பெயர்களும் படங்களும் தெருவுக்கு இழுக்கப்பட்டன. அதே நாட்களில் குருகிராமில், சமூக ஊடகத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட வேறொரு பள்ளி மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். குற்றம் உண்மையா, பொய்யா என்று அறியும் அவகாசத்தைக்கூட அந்தக் கூச்சல் தரவில்லை. தீச்சொல் யாரைச் சுட்டதோ அவரையும், தீச்சொல் பேசிய சிறுவனையும் ஒருசேரக் காக்க வேண்டிய பொறுப்பு பெரியவர்களுடையது.

முகம் காணாத பேச்சு

நல்ல வீட்டுப் பிள்ளைகளும் ஏன் இவ்வாறு எழுதுகின்றனர்? நேரில் பேசும்போது எதிரில் இருப்பவரின் முகம் வாடுவது தெரிகிறது. கண் கலங்குவது தெரிகிறது. அந்த முகமே நாவிற்குக் கடிவாளம். திரையில் அந்தக் கடிவாளம் இல்லை. திரைக்குப் பின்னால் மனிதர்கள் கட்டவிழ்ந்து பேசும் இந்த இயல்பை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ஆம் ஆண்டிலேயே விரிவாக ஆராய்ந்து எழுதினார். இதனுடன், விளைவை எண்ணித் தன்னைத் தடுத்துக்கொள்ளும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் இன்று அறியப்பட்ட உண்மை. சிருங்கியின் தோழனைப் போல் நகைப்பதற்கு அவன் குழுவில் பலர் காத்திருக்கின்றனர்.

இவை காரணங்களே தவிர, மன்னிப்புச் சீட்டுகள் ஆகா. மறைந்துபோன முகத்தை அவன் கண்முன் மீண்டும் கொண்டுவந்து நிறுத்துவதே பெரியவர்களின் முதற்பணி என்பதை இக்காரணங்கள் காட்டுகின்றன.

பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் ஆசிரியையைப் பற்றி இழிவாக எழுதிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். தாய் அவனைத் தனியே அழைக்கிறாள். கைப்பேசியைப் பிடுங்கி உடைக்கவில்லை. தங்கைக்கு எதிரில் அவமானப்படுத்தவும் இல்லை.

"கண்ணா, இதில் எழுதியிருப்பதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு."

அவன் வாயெடுத்து இரண்டு சொற்களிலேயே நிறுத்திவிடுகிறான். "சும்மா விளையாட்டுக்கு எழுதினேம்மா."

"விளையாட்டுதானே? அப்புறம் ஏன் படிக்க முடியவில்லை?"

அவன் தலை குனிகிறது. தாயின் முகத்தில் அந்த ஆசிரியையின் முகத்தை அவன் பார்த்துவிட்டான். நூறு அடிகள் செய்யாததை அந்த மௌனம் செய்துவிடுகிறது. அதன் பிறகு தாய் சமீகரின் வழியில் அடுத்த படியை எடுத்து வைக்க வேண்டும். எழுதியதை நீக்கச் செய்வதோடு நின்றுவிடாமல், 'இப்படி நடந்துவிட்டது' என்று ஆசிரியையிடம் தானே தெரிவிக்க வேண்டும். அவர் விரும்பினால் மகனை நேரில் அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்கச் செய்ய வேண்டும். மன்னிப்பதும் மறுப்பதும் புண்பட்டவரின் உரிமை, அவரை வற்புறுத்தலாகாது.

சீறலாம், கடிக்கலாகாது

வசைக்கு ஆளானவர் என்ன செய்வது? பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்ன பாம்பின் கதையை அறியாதவர் இலர். பிரம்மசாரி ஒருவரிடம் உபதேசம் பெற்ற பாம்பு கடிப்பதை விட்டது. அது சாதுவாகிவிட்டதைக் கண்ட இடைச் சிறுவர்கள் அதைக் கல்லால் அடித்தனர். வாலைப் பிடித்துச் சுழற்றித் தரையில் அறைந்தனர். குற்றுயிராய்க் கிடந்த பாம்பைக் கண்ட குரு, கடிக்க வேண்டாம் என்றுதான் தாம் சொன்னதாகவும், சீற வேண்டாம் என்று சொல்லவில்லை என்றும் கடிந்துகொண்டார். கதையில் பாம்பை வதைத்தவர்களும் சிறுவர்களே என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுவர்களின் கொடுமைக்குப் பெரியவர்கள் விஷத்தையும் கக்கலாகாது. கிடந்து அடிபடவும் வேண்டியதில்லை.

சீறுவது எப்படி? வசையைப் படித்த சூட்டில், அதே இடத்தில், அதே நடையில் பதில் எழுதாதிருப்பது முதற்படி. இரவில் எழுந்த கோபம் விடியும்வரை காத்திருக்கட்டும். எழுதப்பட்டதன் படத்தைச் சான்றாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சிறுவனின் பெயரோடும் முகத்தோடும் அதை ஊருக்குப் பரப்பலாகாது. அவனுடைய பெற்றோரிடமோ பள்ளியிடமோ நேரில் சென்று, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். புண்பட்டவள் வீட்டுப் பெண்ணாக இருந்தால், "நீ ஏன் உன் படத்தைப் போட்டாய்?" என்ற கேள்வி அவளை இரண்டாம் முறை அடிப்பதாகும். முதலில் அவள் அருகில் அமர வேண்டும். கேள்விகள் பிறகு வரட்டும்.

மிரட்டல், ஆபாசப் படம், திரித்த படம் என்று எல்லை மீறினால், பொறுமை என்ற பெயரில் வாளாவிருப்பது அறமாகாது. ஆபாசத்தை மின்னணு வழியில் பரப்புவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 67-ஆம் பிரிவின்படி குற்றம். முதன்முறை குற்றம் உறுதியானால் மூன்றாண்டுவரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமும் அதற்கு உண்டு. செய்தவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அவரைத் திருத்தும் நோக்குடன் நடத்துகிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகாரைப் பதியலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனம் உடைந்துபோனவர்களுக்கு, வசைபட்டவராயினும் வசைபாடிய பிள்ளையாயினும், டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் ஆறுதலும் ஆலோசனையும் கிடைக்கும். சட்டத்தை நாடுவதும் ஒரு சீறலே. அதில் பழிவாங்கும் விஷம் கலவாதிருந்தால் போதும்.

1924-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்து பகவான் ரமணரையும் அடித்தனர். திருப்பித் தாக்கப் புறப்பட்ட பக்தரை அவர் தடுத்தார். பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லை உடைத்து எறிவது உண்டா என்னும் பொருள்பட அவர் கேட்டதை அவரது வரலாறு கூறும். பிற்பாடு வந்த காவல் அதிகாரிகளிடம் நடந்ததைத் தெரிவிக்க ஆசிரமத்தார் தயங்கவும் இல்லை. பகையும் இல்லை, மறைப்பும் இல்லை. நம் வீட்டுச் சிறுவனும், அடுத்த வீட்டுச் சிறுவனும், அடுத்த மாநிலத்துச் சிறுவனும் ஒரே வாயின் பற்களே.

பெரியவர்களின் நாக்கு

பிள்ளைகளுக்கு இச்சொற்களைக் கற்பித்தவர் யார் என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. சாலையில் குறுக்கே வந்த ஆட்டோக்காரரைத் தந்தை எப்படி ஏசினார் என்பதைப் பின் இருக்கையில் அமர்ந்த மகன் கேட்டுக்கொண்டிருந்தான். குடும்பக் குழுவில் மாமா அனுப்பிய கேலிப் படத்திற்குப் பெரியவர்கள் அனைவரும் சிரித்ததை அவன் பார்த்திருந்தான். வேற்று மொழியினரைப் பற்றியும் வேற்று மதத்தினரைப் பற்றியும் வீட்டில் சொல்லப்பட்ட ஒரு சொல்லையே அவன் அன்று வெளியில் எழுதினான்.

ஸ்ரீமத் பகவத்கீதை பதினேழாம் அத்தியாயத்தில் வாக்கினால் செய்யும் தவத்திற்கு இலக்கணம் கூறப்பட்டுள்ளது. பேச்சு பிறர் மனத்தைக் கலக்காதிருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். இனியதாக இருக்க வேண்டும். நன்மை பயக்க வேண்டும். பிள்ளைக்குச் சொல்லும் கண்டனத்தையும் இந்த நான்கு படிகளில் நிறுத்திப் பார்க்கலாம். உண்மை மட்டும் இருந்து இனிமை இல்லையேல் அது அடியாகிவிடும். இனிமை மட்டும் இருந்து உண்மை இல்லையேல் அது மறைப்பாகிவிடும். நான்கும் கூடிய சொல்லைத் தேடுவதற்குச் சற்று நேரமாகும். அந்த நேரமே தவம்.

மர்பி டவுனிலிருந்து சிறிது தொலைவில், அல்சூர் ஏரியை ஒட்டித் திருவள்ளுவரின் சிலை நிற்கிறது. 1991-இல் நிறுவப்பட்ட அச்சிலை, மொழிப் பூசல் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டே இருந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று இரு மாநில முதல்வர்களின் முன்னிலையில் அது திறக்கப்பட்டது. நான்கு நாட்களில், ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. நாவடக்கத்தையும் இன்சொல்லையும் பொறுமையையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்துப் பாடியவர் வள்ளுவர். நட்பும் பகையும் சொல்லிலிருந்தே பிறக்கின்றன என்று எளிய மூன்றடிகளில் பாடியவர் சர்வக்ஞர். கசப்பு தீர்ந்த நாளில் இரு ஊர்களும் ஒன்றுக்கொன்று அளித்த பரிசு, சொல்லைக் காக்கச் சொன்ன இரு பெரியோர்கள்.

அந்த ஏரிக்கரை வழியே நாள்தோறும் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்தவாறே செல்கின்றனர். அவர்களுள் ஒருவன் இன்றிரவு ஒரு தீய சொல்லை எழுதக்கூடும். எழுதிய பின் வீடு திரும்பும் அவனுக்கு, சபிக்காத ஒரு தந்தையும், மறைக்காத ஒரு தாயும் வாய்க்க வேண்டும். தோளில் விழுந்த பாம்பைத் தள்ளிவிட்டு மகனைத் திருத்த எழுந்த சமீகரின் உள்ளத்தை எல்லாப் பெற்றோருக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் இறைவன் அருள்வானாக!